மாடி அறைச் சரக்கு

எனக்குச் சந்தேகப் புத்தி அதிகம். வீட்டில் இதை ஒரு குறையாகச் சொல்வார்கள். கோர்ட்டில் இதற்காகத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். விருதுநகரில் வத்தல், மல்லி வியாபாரம் செய்த குடும்பம் எங்களுடையது. மண்டியில் எங்கள் அத்தா மூட்டையைப் பிரித்தால் மேலாக இருக்கும் வத்தலைப் பார்க்கவே மாட்டார். முழங்கை வரை உள்ளே விட்டு, அடியில் கிடப்பதை எடுத்துத்தான் பார்ப்பார். நான் உளவியல் படித்துவிட்டு வந்து செய்வதும் ஏறக்குறைய அதேதான். என்ன, என்னிடம் வரும் மூட்டைகள் பேசும், அழும், சில சமயம் எனக்கே காப்பி வாங்கிக்கொண்டு வரும்.

குடும்ப வழக்குகளில் ஒருவருடைய மனநிலை பற்றிக் கேள்வி எழுந்தால் நீதிமன்றம் அவரை என் போன்றவர்களிடம் அனுப்பும். பேசிப் பார்த்து, சோதித்துப் பார்த்து, அறிக்கை கொடுக்க வேண்டும். இதில் ரத்தக் காயம் உள்ள வழக்குகள் சுலபம். ஒரு அடிகூட விழாமல், ஒரு கதவுகூடப் பூட்டப்படாமல், ஒரு ஆள் இன்னொரு ஆளைக் கைக்குள் வைத்திருந்த வழக்குகள்தான் என் தூக்கத்தைக் கெடுப்பவை. வெளிநாடுகள் சிலவற்றில் இதைத் தனிக் குற்றமாகவே சேர்த்துவிட்டார்கள். இங்கே குடும்ப வன்முறை என்ற பெரிய கூரைக்கு அடியில் எங்காவது ஒரு மூலையில் இதற்கு இடம் தேட வேண்டும். தேடினால் கிடைக்கும், ஆனால் நிரூபிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

சில வருடங்களுக்கு முன் வந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன், நடந்ததை மாற்றவில்லை.

வழக்குப் போட்டவர் கணவர். தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன், வீடு திருத்தங்கலில். மனைவி மல்லாங்கிணறுப் பக்கத்து மானாவாரி விவசாயக் குடும்பத்துப் பெண். நாலாம் வகுப்பு படிக்கும் ஒரே மகள். மனைவிக்கு மனநோய், அதனால் பிள்ளையைத் தன்னிடமே விட வேண்டும் என்பது அவருடைய மனு. வழக்கு முடியும்வரை பிள்ளை அவரிடம்தான் இருந்தது. தாய் பிறந்த வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தாள். கோர்ட் வளாகத்தில், வக்கீல்கள் முன்னால் மட்டும் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனுவைப் படித்தபோது எனக்கே சரிதானே என்றுதான் பட்டது. வீட்டு மாடியில் இருக்கும் அறையில் பட்டாசு மருந்து அடுக்கியிருப்பதாக அந்தப் பெண் கற்பனை செய்துகொள்கிறாள். வெயில் ஏறினால் மாடித் தரையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிறாள். வீட்டுக்கு வருபவர்களின் செல்போனை வாசலிலேயே வாங்கி வைக்கிறாள். தீக்குச்சியைக் கண்டால் அலறுகிறாள். மகளுக்குக் கொலுசு போட விடுவதில்லை. உறவினர் கல்யாணத்துக்குக்கூடக் கிளம்புவதில்லை. அக்கம்பக்கத்தார் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அறையைத் திறந்து காட்டியாகிவிட்டது, உள்ளே ஒன்றும் இல்லை. வெளியூர் மருத்துவர் ஒருவர் பார்த்து, மனப்பிரமை என்று எழுதி மாத்திரையும் கொடுத்திருந்தார்.

இப்படி ஒரு ஓட்டைகூட இல்லாத மனுவைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். உண்மைக்கு எப்போதும் எங்காவது ஒரு கிழிசல் இருக்கும்.

கணவரை முதலில் வரச் சொன்னேன். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கையைக் கட்டிக்கொண்டே நின்றார். நான் உட்காரச் சொல்வதற்கு முன்பே, "வாங்க மேடம், சாப்பிட்டீகளா?" என்று என் அறையில் என்னையே வரவேற்றார். மரியாதை வழிந்தது. மனைவியைப் பற்றி ஒரு கெட்ட சொல் சொல்லவில்லை.

"பாவம் மேடம் அவ. நல்லவதான். என்னமோ மூளையில ஏறிப்போச்சு. நானும் எம்புட்டோ சொல்லிப் பாத்துட்டேன். பிள்ளை பயந்து வளரக் கூடாதுல்ல, அதுக்குத்தான் கோர்ட்டுக்கு வந்தது."

"அந்த அறையை எதுக்குப் பூட்டி வச்சிருந்தீங்க?" என்று கேட்டேன்.

"காத்துல கதவு அடிக்கும் மேடம்."

"தாழ்ப்பாள் போட்டாப் போதாதா?"

சிரித்தார். எழுந்து போகும்போது வாசலில் திரும்பி, "வீட்டுக்காரருக்கு இப்போ சுகர் எப்படி இருக்கு மேடம்? கடைக்கு வர ஆரம்பிச்சிட்டாகளா?" என்றார்.

பஜாரில் கடை வைத்திருக்கும் என் கணவர், சர்க்கரை கூடி ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தது எங்கள் தெருவுக்கே தெரியாது. இந்த ஆளுக்கு எப்படித் தெரிந்தது? அக்கறையாகத்தான் கேட்டார், சந்தேகமில்லை. அதற்குப் பிறகு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பின்னால் வந்த பைக்குகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பயந்துவிட்டேன் என்பதுதான் உண்மை. ஒரே ஒரு நல விசாரிப்பில் என்னையே இப்படித் திரும்பிப் பார்க்க வைத்தவர், வீட்டுக்குள் வருடக் கணக்கில் என்னவெல்லாம் செய்திருக்க முடியும் என்ற யோசனையும் அப்போதுதான் வந்தது.

அடுத்த வாரம் மனைவி வந்தாள். அவளையும் நான் நம்பிவிடவில்லை. பெண் என்பதால் நான் பெண் பக்கம்தான் சாய்வேன் என்று இரண்டு வக்கீல்களும் கணக்குப் போட்டிருப்பார்கள். அந்தக் கணக்கைப் பொய்யாக்குவதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் உண்டு. கூட வந்த அண்ணனின் செல்போனை அணைக்கச் சொல்லி, வெளியே பெஞ்சில் வைத்துவிட்டுத்தான் அவள் உள்ளே வந்தாள். பருத்திச் சேலை, அதில் ஒரு ஊக்குகூட இல்லை. கையில் வளையல் இல்லை, காலில் கொலுசு இல்லை. எங்கள் பக்கத்தில் இந்தக் கோலத்தைப் பார்த்தாலே பட்டாசு ஆலைக்குப் போகிற பொம்பளை என்று சொல்லிவிடலாம். ஆலை வாசலில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். உலோகம், நைலான் எதுவும் உள்ளே போகக் கூடாது. உரசினால் பொறி.

"எந்த ஆலையில வேலை பார்த்தம்மா?"

"நான் வேலைக்கே போனதில்ல மேடம். ஆலை வாசலக்கூடப் பாத்ததில்ல."

"அப்போ ஏன் இப்படி?"

என்னை வினோதமாகப் பார்த்தாள். "மாடில சரக்கு இருக்குன்னு அவுகதான சொன்னாக" என்றவள், உடனே தலையைக் குனிந்துகொண்டாள். "சொல்லவே இல்லைங்கறாக இப்போ. நானாத்தான் நெனைச்சுக்கிட்டேனோ என்னமோ."

பிறகு ஒன்று கேட்டாள். இத்தனை வருடத்தில் வழக்குக்காக என்னிடம் வந்த யாரும் அப்படிக் கேட்டதில்லை. எனக்குச் சாதகமாக எழுதுங்கள் என்பார்கள், அவன் கெட்டவன் என்று எழுதுங்கள் என்பார்கள். இவள், "நான் பைத்தியமா இல்லையான்னு மட்டும் சொல்லிருங்க. பைத்தியம்னா பிள்ளை அவுககிட்டயே இருக்கட்டும். என்னால அதுக்கு ஆபத்து வரக் கூடாது" என்றாள்.

இதுவும் வக்கீல் சொல்லிக்கொடுத்த வசனமாக இருக்குமோ என்று ஒரு கணம் நினைத்தேன். என் புத்தி அப்படி.

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு மத்தியானம் கணவர் மாடி அறையைக் காட்டி, ஆலைச் சரக்கு கொஞ்சம் உள்ளே இருக்கிறது, வெளியே மூச்சு விடக் கூடாது, தெரிந்தால் தனக்கு ஜெயில் என்றாராம். சாவி அவர் அரைஞாண் கயிற்றிலேயே இருந்தது. முதலில் அவளுடைய போன் போனது. பிறகு கேஸ் அடுப்பு போய்க் கரண்ட் அடுப்பு வந்தது. பிறகு நைலான் சேலை, கொலுசு. அண்ணன் பீடி குடிப்பவன் என்பதால் அவன் வாசலோடு சரி. கோடை வந்தால் மாடித் தரையைக் குளிர வைக்க வேண்டும், அதனால் அவள் வீட்டை விட்டு நகர முடியாது. தெருவில் எந்தப் பிள்ளை வெடி போட்டாலும் ஓடிப்போய் ஜன்னலுக்கு ஈரச் சாக்கு கட்ட வேண்டும், அதனால் தீபாவளி, கல்யாணம் எதற்கும் வெளியூர் கிடையாது. கதவு அகலத் திறந்தே கிடந்தது. அவள்தான் வாசற்படி தாண்டவில்லை.

"அறை வாசல் வரைக்கும் தண்ணி ஊத்துவியா?"

"ஐயையோ, அங்கன ஊத்தக் கூடாது மேடம். கதவுக்கு ஒரு முழம் முன்னாடியே நிறுத்திறணும். மருந்துல ஈரம் பட்டாச் சூடேறிரும்ல? அதுவா பத்திக்கிரும்."

பேனாவை வைத்துவிட்டேன். மானாவாரிக் காட்டில் வளர்ந்தவள், ஆலை வாசலைப் பார்க்காதவள். கற்பனையில் பயந்தவளாக இருந்தால் தண்ணீரை அறைக்குள்ளேயே கொட்டியிருப்பாள், தீ என்றால் தண்ணீர் என்பதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. மருந்துக்கு ஈரமும் எமன் என்பது, மருந்து கலக்கும் இடத்தில் நிற்பவர்களுக்குத் தெரிந்தது. அவள் பயத்துக்குள் வேறொருவருடைய தொழிலறிவு இருந்தது.

ஆனால் சந்தேகம் வேறு, சாட்சி வேறு. பட்டாசு ஊரில் இதெல்லாம் டீக்கடையிலேயே காதில் விழும் என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஊதித் தள்ளிவிடுவார். என்னை எரிச்சலூட்டியது இன்னொன்று. அவள் பயத்தை அண்ணன் பார்த்தான், அம்மா பார்த்தாள், தெருவே பார்த்தது. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. வேறு ஊராக இருந்தால் வீட்டில் வெடிமருந்தா என்று போலீசுக்கு ஓடியிருப்பார்கள். எங்கள் ஊரில், போர்மேன் வீடு, அப்படி இப்படிக் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், பத்திரமாக இரு தாயி என்று பெற்ற அம்மாவே தானாக ஊகித்துக்கொண்டு புத்தி சொல்லியிருக்கிறாள். வெளியூர் மருத்துவருக்கு அது மனப்பிரமை. எங்களுக்கு அது அன்றாடம். இந்த இரண்டுக்கும் நடுவில் அந்த ஆள் வசதியாக வீடு கட்டிக் குடியிருந்தார்.

கடைசியில் அவள் அண்ணனிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். தங்கையின் நிலையைப் பொறுக்க முடியாமல் அவன், சரக்கை வீட்டிலிருந்து எடுக்காவிட்டால் புகார் கொடுப்பேன் என்று சண்டைக்குப் போயிருக்கிறான். கணவர் கோபப்படவே இல்லையாம். அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட்டு, சாவியை எடுத்து, "எந்தச் சரக்கு? வந்து பாத்துக்கங்க" என்று அறையைத் திறந்து காட்டியிருக்கிறார். வெறும் அறை. அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாளாம். அன்றிலிருந்து தெருவுக்கு அவள் பைத்தியம். அவளுக்கும்தான்.

மூன்றாவதாகப் பிள்ளையை வரவழைத்தேன். அப்பா கொண்டுவந்து விட்டுவிட்டு வெளியே உட்கார்ந்தார். தகப்பன் வீட்டில் இருக்கும் பிள்ளை, தகப்பன் சொல்லிக்கொடுத்ததைத்தான் சொல்லும் என்று எதிர்பார்த்தேன். பள்ளிக்கூடம், சிநேகிதிகள், பிடித்த குழம்பு என்று ஊர்க்கதை பேசினோம். என் மேஜையில் சொப்புச் சாமான்கள் வைத்திருப்பேன். அவள் குட்டிக் குடத்தை எடுத்து உருட்டிக்கொண்டே, "ஒரு ரகசியம் சொன்னா யார்ட்டயும் சொல்லமாட்டீகளா?" என்றாள்.

இந்த இடத்தில் பொய் சொல்வது சுலபம். சொல்லக் கூடாது. "அப்படிச் சொல்ல முடியாதும்மா. ஜட்ஜ்கிட்ட நான் சொல்லித்தான் ஆகணும்" என்றேன்.

யோசித்தாள். "ஜட்ஜ்கிட்ட சொல்லலாம். அம்மாட்டதான் சொல்லக் கூடாது."

ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது, அம்மா குளிக்கப் போன நேரத்தில், அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய் அறையைத் திறந்து காட்டியிருக்கிறார். "ஒண்ணுமே இல்ல. ஃபேன் மாட்டுற கொக்கி மட்டும் இருந்துச்சு." அம்மாவிடம் சொல்லிவிடாதே, சொன்னால் அம்மா நம்மை விட்டுவிட்டுப் போய்விடும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். அதன் பிறகு அம்மா யாருடைய போனையாவது வாங்கி வெளியே வைத்தால், அப்பா இவளைப் பார்த்துக் கண்ணடிப்பாராம். "நாங்க ரெண்டு பேரும் சிரிப்போம்."

"உனக்கும் சிரிப்பு வருமா?"

"அப்போ வரும். அம்மா தண்ணி தூக்குறப்பப் பாவமா இருக்கும். நானும் சின்னக் குடத்துல தூக்கிட்டுப் போவேன்."

ஒன்றும் இல்லாத அறை என்று தெரிந்தே, அம்மா போய்விடக் கூடாது என்பதற்காக, அந்தக் குழந்தை வெயிலில் அம்மாவோடு தண்ணீர் சுமந்திருக்கிறது.

அன்று முழுக்க என் சந்தேகத்தோடு மல்லுக்கட்டினேன். தாய் சொல்லிக்கொடுத்திருக்க முடியுமா? தாயிடம் இவள் தனியாகப் பேசவே வாய்ப்பு இல்லை. தகப்பன் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது, அவருக்கு இதைவிடக் கேடு இல்லை. இன்னும் இரண்டு முறை வரவழைத்து, சுற்றி வளைத்துப் பேசிப் பார்த்தேன். சொன்னது மாறவில்லை, கொக்கி கொக்கியாகவே இருந்தது. அப்பாவை விட்டுக்கொடுக்கவும் அவள் தயாராக இல்லை, அப்பா நல்லவர்தான் என்று ஒவ்வொரு முறையும் சொன்னாள். அதனால்தான் நம்பினேன்.

அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று பிள்ளை கேட்டிருந்தது, ஆனால் அறிக்கையின் நகல் இரு தரப்புக்கும் போகும். வக்கீல் வாயிலாகத் தெரிவதைவிட நானே சொல்வது நல்லது என்று, நீதிபதியிடம் அனுமதி வாங்கித் தாயை வரவழைத்துச் சொன்னேன்.

"அப்போ நான் பைத்தியம் இல்ல" என்றாள் முதலில்.

"இல்லம்மா. உன்னை ஏமாத்தியிருக்காங்க. ஏமாந்தது நோய் இல்ல."

திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "அதுவும் குடம் தூக்குச்சே மேடம். நான் வேண்டாம்னுகூடச் சொல்லலையே. சமத்துப் பிள்ளைன்னு கொஞ்சுனேனே." பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அதை எடுத்துருங்க. பிள்ளை சொன்னதா எதுவும் எழுத வேண்டாம்."

"அது ஒண்ணுதான் சாட்சி. அது இல்லாட்டி பிள்ளை உனக்குக் கிடைக்காது."

"பெரியவளாகி அதைப் படிச்சா? அம்மாவும் அப்பாவும் பிரிஞ்சது நம்ம வாயாலதான்னு நெனைக்காதா?"

எடுக்க முடியாது என்று சொன்னேன். அறிக்கை அவளுடையதும் அல்ல, என்னுடையதும் அல்ல, நீதிமன்றத்துடையது. பிள்ளை சொன்ன பகுதியைத் திறந்த கோர்ட்டில் வாசிக்க வேண்டாம் என்று நீதிபதியிடம் கேட்டுக்கொள்கிறேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்தேன். அவளுக்கு என் மேல் கோபம்தான். கும்பிடாமல் போனாள். நான் செய்தது சரிதான், ஆனால் சரி என்ற நிம்மதி எனக்கு வரவில்லை.

விசாரணையில் கணவரின் வக்கீல் என்னை நன்றாகவே வறுத்தெடுத்தார். அடித்தாரா? இல்லை. பூட்டி வைத்தாரா? இல்லை. சோறு போட்டாரா? போட்டார். வாசல் கதவு திறந்திருந்ததா? திறந்திருந்தது.

"அப்புறம் எப்படிம்மா கட்டுப்பாடு?"

"வெளியே போனால் பிள்ளை இருக்கும் வீடு வெடித்துவிடும் என்று நம்ப வைத்துவிட்டால் கதவைப் பூட்டத் தேவையில்லை" என்றேன். "நிஜமாகவே மருந்து இருந்திருந்தால் அவரும் பயந்திருப்பார். அவர் பயந்ததை யாரும் பார்க்கவில்லை. இல்லாத மருந்தால் அவள் பட்டது எல்லாம் அவருக்கு வசதியாக இருந்தது. அவள் அண்ணனிடம் வாய் திறந்த பிறகு, அதே பயத்தைக் காட்டி அவளைப் பைத்தியம் என்றும் ஆக்கினார்."

கணவர் கையைக் கட்டிக்கொண்டு, அதே மரியாதையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீதிபதி பிள்ளையைத் தன் அறைக்குத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. சில வாரங்கள் கழித்து உத்தரவு வந்தது. பிள்ளை தாயிடம், தகப்பன் வந்து பார்க்கலாம், ஆனால் வேறொருவர் கூட இருக்க வேண்டும்.

உத்தரவு வந்த அன்று வேறொரு வழக்குக்காக நானும் அங்கே இருந்தேன். தாழ்வாரத்தில் கூட்டம். தாய் பிள்ளையின் புத்தகப் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிள்ளை நகராமல் நின்றது. கிளம்பலாம் வா என்று கையைப் பிடித்தபோது, தூணைப் பார்த்துக்கொண்டு சொன்னது:

"அம்மா, மாடி ரூம்ல ஒண்ணுமே இல்லன்னு எனக்கு முன்னாடியே தெரியும். ஒன்னாப்புலயே தெரியும். நான் உன்ட்ட சொல்லல."

அந்தத் தாய் அறிக்கையை வரி வரியாகப் படித்தவள். அதை எடுக்கச் சொல்லி என்னிடம் அழுதவள். பையைக் கீழே வைத்துவிட்டு, அப்போதுதான் முதன்முதலாகக் கேட்பவளைப் போலக் கண்ணை அகல விரித்தாள்.

"அப்படியா? எனக்குத் தெரியவே தெரியாதே! நல்ல வேளை, நீயா வந்து சொல்லிட்ட."

பிள்ளை அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதது. என் பிழைப்பே பொய்யைக் கண்டுபிடிப்பதுதான். அப்படி ஒரு அப்பட்டமான பொய்யை நேருக்கு நேர் கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் வழக்கை எந்த அறையில் கூப்பிடுகிறார்கள் என்று விசாரிக்கப் போனேன்.